கடலை முந்திய செய்தி

இந்த இதழின் பாடம் விலைவாசியைப் பற்றியதன்று. வரிக் கணக்கைப் பற்றியதும் அன்று. கடலைப் பற்றியது. கடைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

மாலை வேளையில் மலாக்காக் கடற்கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கடல் ஒரு பெரிய குளத்தைப் போலத் தோன்றும். எதிரே சுமத்ரா தீவு மதில் போல நீண்டு கிடக்கிறது. நடுவில் இருக்கும் ஜலசந்தியோ ஆழம் குறைந்தது. ஆகவே பெருங்கடலின் கோபம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இந்த அமைதியை நம்பித்தான் நம் முன்னோர் வந்தார்கள். 1748இல் காம்போங் கிளிங் பள்ளிவாசலை எழுப்பியவர்களும் அப்படிக் கடல் கடந்து வந்த வியாபாரிகளே. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்து, பிறகு அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் என்று ஊர் ஊராகப் பிரிந்து கடை வைத்தவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கடை இங்கே, உம்மாவும் உடன்பிறந்தாரும் அக்கரையில். ஒரு காலைக் கொண்டு மலாக்காவிலும் மறு காலைக் கொண்டு நாகூரிலோ காரைக்காலிலோ பரங்கிப்பேட்டையிலோ நிற்கிற சமூகம் நம்முடையது. நடுவே இருக்கிற கடலில் என்ன நடக்கிறது என்பது நமக்குச் சொந்த விஷயம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் தேதி, ஹிஜ்ரி 1425, ஞாயிற்றுக்கிழமை காலை மலேசிய நேரம் 8 மணி 58 நிமிஷத்துக்கு வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. அளவு 9.1. அன்று 14 நாடுகளில் மாண்டவர்களும் காணாமற் போனவர்களுமாக ஏறக்குறைய 2,27,000 பேர். இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 1,67,000. இலங்கையில் சுமார் 35,000. இந்தியாவில் கணக்கில் வந்த மரணங்களே 10,000க்கு மேல்; அவற்றில் ஏறக்குறைய 8,000 தமிழ்நாட்டில்; அதிலும் நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றில் மட்டும் 6,000க்கு மேல். மலேசியாவில் 68.

இந்த எண்களை எல்லோரும் படித்திருப்பீர்கள். எண்ணைச் சொல்வது என் நோக்கமில்லை. அந்த எண்களுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அது நேரக் கணக்கு.

அலை எப்படிப் பிறந்தது?

இந்தியாவைத் தாங்கி நிற்கும் பூமித் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கமுள்ள தட்டின் கீழே வருஷத்துக்குச் சில அங்குலம் என்ற கணக்கில் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், வளைத்துப் பிடித்த பிரம்பைப் போல விசை ஏறிக்கொண்டே போகும். பிடி நழுவும் நாளில் மேல் தட்டு எகிறும். அன்று நழுவிய நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம். கடலடித் தரை பல மீட்டர் உயர்ந்தது. தரை உயர்ந்தால் அதன் மேல் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்? மொத்தக் கடலும் அடியோடு தள்ளப்பட்டு இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கிற்று.

காற்றினால் எழும் அலை மேல் தண்ணீரை மட்டும் அசைப்பது. இதுவோ அடிமுதல் நுனிவரை அசையும் நீர். ஆழ்கடலில் இதன் உயரம் ஒரு முழம், இரண்டு முழந்தான். அன்று ஆழ்கடலில் வலை விரித்திருந்தவர்கள் தங்கள் படகின் கீழே அது கடந்து போனதை அறியவே இல்லை. கரைக்குத் திரும்பிய பிறகுதான் வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை என்று கண்டார்கள். ஆனால் அதன் வேகம் மணிக்கு 700, 800 கிலோமீட்டர்; ஆகாய விமானத்தின் வேகம். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் அடங்கும். அடங்கிய வேகமெல்லாம் உயரமாக மாறும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போகும் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்வதுதான் காரணம்.

இனி நேரத்துக்கு வருவோம். ஆச்சே கரைக்கு அலை போய்ச் சேரக் கால் மணி நேரம், இருபது நிமிஷம் பிடித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இரண்டரை மணி நேரம். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. பினாங்குக்கு நாலு மணி நேரத்துக்கும் மேலே. பிற்பகல் ஒன்றேகால் மணி. சுமத்ராவின் வட முனையைச் சுற்றிக்கொண்டு ஆழமில்லாத கடலில் வர வேண்டியிருந்ததால் அந்தத் தாமதம்.

டெலிபோன் மணி ஒலிக்க எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூகம்பம் நடந்த கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையத்தின் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்துத் தங்கள் வட்டாரத்து நாடுகளுக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டார்கள். பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றது அந்த அறிக்கை. இந்துமாக் கடலுக்கு என்ன என்று கேட்க ஆளுமில்லை, சொல்ல வழியுமில்லை. இந்தக் கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அப்போது கிடையாது. தாய்லாந்தின் புக்கெட் கரையை அலை அடித்து இரண்டு மணி நேரம் கழிந்த பிறகும் பினாங்கில் பத்து பெரிங்கியிலும் பாலிக் பூலாவ் பக்கத்துப் பாசிர் பஞ்சாங்கிலும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கடற்கரையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தன. நம் நாட்டில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில். மற்றவர்கள் பெரும்பாலும் கெடாவில். இன்றும் கோத்தா கோலா மூடாவுக்குப் போகிறவர்கள் அன்று நொறுங்கிய மீன்பிடிப் படகுகளை அடுக்கி வைத்திருக்கும் நினைவிடத்தைக் காணலாம்.

ஒரு தீவும் ஒரு கிராமமும்

சிமெலு என்று ஒரு தீவு. பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிகவும் பக்கம். அலை அங்கே சில நிமிஷங்களில் வந்துவிட்டது. ரேடியோ எச்சரிக்கை இல்லை; டெலிபோன் வருவதற்கு நேரமுமில்லை. தீவில் அப்போது சுமார் 78,000 மக்கள். மாண்டவர்கள் ஏழு பேர்!

காரணம் என்னவென்றால், 1907இல் அந்தத் தீவில் இதே போன்ற ஓர் அலை வந்து ஏராளமானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டார்கள். பெரும் நடுக்கம் வந்து, கடல் பின்வாங்கினால், சாமானை எடுக்காதே, மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 97 வருஷம் கழித்து அந்தப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்று கூவிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அவர்களுக்குச் செய்தி கொண்டுவந்தது பாட்டனார். எதிரே பெருநிலத்தில் பண்டா ஆச்சே நகரத்தாரிடம் கல்விச்சாலைகளும் கருவிகளும் நிரம்ப இருந்தன. இந்த ஒரு சொல் இல்லை.

மற்றொன்று நம் தமிழ்க் கரையில் நடந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். சுமத்ரா பூகம்பத்தைப் பற்றிய செய்தியை அவர் அன்று காலையில் கேட்டார். கேட்டவர் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடாமல் ஊருக்கு டெலிபோன் செய்தார். வீட்டுப் பக்கம் கடல் நீர் ஏறுகிறது என்று அங்கிருந்து பதில் வந்தது. எல்லோரும் உடனே வெளியேறுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார்.

அந்தக் கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஓர் அறிவு மையம் வைத்திருந்தார்கள். மீன் விலை, காற்று நிலவரம் முதலியவற்றை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வதற்காக ஏற்பட்டது அது. ஜனங்கள் அங்கே ஓடி ஒலிபெருக்கியைப் போட்டு ஊர் முழுதும் அறிவித்துவிட்டார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர் போகவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. வருத்தத்துக்குக் காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்று காலை நானும் அந்தச் செய்தியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் சாமான் வாங்க வரும் நாள். கடையில் நல்ல கூட்டம். பத்தரை மணி சுமாருக்கு ரேடியோவில் சுமத்ராவில் பூகம்பம் என்றார்கள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த நான், “சுமத்ராதானே, அங்கே அடிக்கடி வருவதுதான்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. நாகூரில் என் லாத்தாவின் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். டெலிபோன் கல்லாவின் பக்கத்திலேயே இருந்தது. சுமத்ராவில் தரை அசைந்தால் நாகூரில் தண்ணீர் ஏறும் என்பது எனக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல்தான் விஷயம் தெரிந்தது. அதன் பிறகு எத்தனை தடவை சுழற்றியும் லைன் கிடைக்கவில்லை. மறுநாள் இரவு கிடைத்தது. லாத்தாவும் பிள்ளைகளும் தர்கா பக்கம் ஓடித் தப்பிவிட்டார்கள். மச்சானின் தம்பி காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் பருப்பு நிறுத்தேன்.

அலைக்குப் பிறகு

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும், வேளாங்கண்ணியில் பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் நின்ற யாத்திரீகர்களும், கடலூரில் தேவனாம்பட்டினமும், தெற்கே குளச்சலும் அடைந்த கதியைப் பத்திரிகைகள் அப்போதே எழுதின. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அன்றைக்கே சுற்றியுள்ள மீனவக் கிராமத்தாருக்குச் சோறும் தங்குமிடமும் கொடுத்தது நமக்கெல்லாம் பெருமை தரும் விஷயம். அவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்; என்ன வேண்டும் என்று கண்ணால் பார்த்துக் கொடுத்தார்கள். தூரத்தில் இருந்த நாம் செய்தது வேறு.

மெர்லிமாவ் பக்கமும் ஜாசின் பக்கமும் சில கடைகளில் உண்டியல் வைத்தோம். ரப்பர் மரம் வெட்டும் தோட்டத்து ஜனங்கள் கூடத் தங்களால் இயன்றதைப் போட்டார்கள். அதோடு துணி மூட்டையும் கட்டினோம். என் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை போயிற்று. பெட்டியில் வருஷக் கணக்கில் கிடந்த பழைய சட்டைகள். பிறகுதான் அறிந்தோம், நாலா திசையிலிருந்தும் அப்படி வந்த பழந்துணி நாகப்பட்டினத்து வீதியோரங்களில் மலை போலக் குவிந்து, மழையில் நனைந்து, எடுப்பாரில்லாமல் கிடந்தது என்று. படகும் வலையும் வீடும் இழந்தாலும் மானத்தை இழக்காதவன் பிறர் கழித்த துணியை உடுத்துவானா? சரக்குக் கேட்காத ஊருக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி உண்டா? கடையில் செய்யாத காரியத்தைத் தர்மத்தில் செய்தோம்.

இதற்கு நேர்மாறாக, அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன என்று பார்த்தால், சந்தை. கடலில் பிணங்கள் மிதந்தன, மீன்கள் அவற்றைத் தின்றிருக்கும் என்ற பேச்சு பரவி, தமிழ்நாடெங்கும் ஜனங்கள் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இலங்கையிலும் அப்படியே. அலையில் தப்பிய படகுக்காரன் பிடித்து வந்த மீனையும் விற்க முடியாமல் நின்றான். அலை அடித்தது ஒரு நாள். இந்தப் பேச்சு அடித்தது பல வாரம். உண்மைச் செய்தி ஓடாத இடத்தில் பொய்ச் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது பாருங்கள்!

படகுகளும் வந்தன. பல ஸ்தாபனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடி இழைப் படகு கொடுத்ததில், சில ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவனுக்கு எஞ்சினும் எண்ணெய்ச் செலவும் புதிதாகச் சேர்ந்தன. ஆனால் கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாய் விற்ற பெண்களின் கூடையும் முதலும் போனதை யாரும் உடனே கணக்கெடுக்கவில்லை. படகு வைத்திருந்தவன்தானே நஷ்டப்பட்டவன் என்று எண்ணினார்கள். கடல் நீர் புகுந்து உப்பேறிய வயல்களில் கூலி வேலை செய்தவர்களும், கரையோரத்துச் சில்லறைக் கடைக்காரர்களும் அப்படித்தான் ஜாபிதாவில் பின்னுக்குப் போனார்கள்.

சில்லறைக் கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் கரையோரம் மளிகைக் கடை வைத்திருந்த என் உறவினர் ஒருவருக்குச் சரக்கு முழுதும் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம் பற்றுப் புத்தகம் போனது. மீனவர்கள் வாரக் கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான். பாக்கி வைத்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. இருந்தவர்களில் சிலர் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை, அவர்கள் நிலையில் நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கியோ அப்படியே நின்றது. மொத்த வியாபாரி பழைய பாக்கியைப் பற்றிப் பேசாமல் ஆறு மாதம் புதுச் சரக்குக் கொடுத்தார். அந்தக் கடையால் இரண்டு தெருவில் அடுப்பு எரிந்தது. அது எந்த நிவாரண ஜாபிதாவிலும் ஏறாத உதவி.

காகிதத்தின் அருமையை ஆச்சேக்காரர்கள் இன்னும் பெரிய அளவில் அறிந்தார்கள். பண்டா ஆச்சேயின் நிலப் பதிவேடுகள் கடல் நீரிலும் சேற்றிலும் ஊறிப் போயின. எல்லைக் கல்லும் இல்லை, வீட்டுச் சுவரும் இல்லை, பல இடங்களில் உடையவனும் இல்லை. பதிவேடுகள் அழுகிப் போகாமல் உறைய வைத்து, ஜாக்கர்த்தாவுக்குக் கொண்டு போய், ஜப்பானியரின் துணையோடு உலர்த்தி மீட்டார்கள். இலங்கையிலோ உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்று எப்படிக் கொடுப்பது, அநாதையான பிள்ளைகள் யார் பொறுப்பில் என்பதற்காக 2005இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. சான்று இல்லாவிட்டால் வங்கிப் பணமும் வராது, வாரிசுப் பங்கும் பிரியாது. விதவையின் இத்தா எந்தத் தேதியிலிருந்து என்ற கேள்வியும் எழுந்துவிடும். ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் ஒரு பிரதியை மலாக்காவில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இலங்கை என்றால் கல்முனையை விட்டுப் பேச முடியாது. அந்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டந்தான். கல்முனை, சாய்ந்தமருது, நெசவுக்குப் பேர்போன மருதமுனை ஆகிய ஊர்களில் வீடுகள் கடலை ஒட்டி நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்டிருந்தன. தமிழ் பேசும் முஸ்லிம்கள் அங்கே கூட்டங் கூட்டமாக ஜனாஸா எடுத்தார்கள். பிறகு அரசாங்கம் கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என்றது. உயிரைக் காக்கும் விதிதான். ஆனால் பின்னால் வயலும் களப்புமாக இருக்கும் ஊரில் வேறு நிலம் எங்கே? சவூதி அரேபிய உதவியில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டி முடித்தும், யாருக்குக் கொடுப்பது என்ற இனத் தகராறு நீதிமன்றம் வரை போய், அவ்வீடுகள் பல வருஷம் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. கல்லும் சிமெண்டும் குறைவில்லை. முதலில் பேசித் தீர்க்க வேண்டியதைக் கடைசியில் பேசினார்கள்.

நிற்க. ஜப்பானில் ஒரு வியாபாரியின் கதை வழங்குகிறது. கதையன்று, நடந்தது. ஹமாகுச்சி கோர்யோ என்பவர் சோயாக் குழம்பு தயாரித்து விற்கும் குடும்பத்தவர். 1854இல் ஒரு மாலை நேரம் அவருடைய ஊரான ஹிரோ கிராமத்தில் பூகம்பம் வந்து, தொடர்ந்து கடல் ஏறியது. இருட்டில் வழி தெரியாமல் ஜனங்கள் தவித்தபோது, அவர் மேட்டுப் பக்கமிருந்த நெற்போர்களுக்குத் தீ வைத்தார். தீயைப் பார்த்து ஜனங்கள் மேடேறினார்கள். அவரும் செய்திதான் அனுப்பினார். டெலிபோன் இல்லாத காலத்தில் நெற்போரை எரித்து அனுப்பினார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர் அடுத்துச் செய்தது. ஊரார் பிழைப்பின்றி ஊரை விட்டுப் போகத் தொடங்கியதைக் கண்டு, தம் சொந்தப் பணத்தில் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு கடல் மதில் எழுப்பினார். அந்த ஊர் ஜனங்களையே வேலைக்கு வைத்துக் கூலி கொடுத்து நாலு வருஷம் கட்டினார். 1946இல் மறுபடி அலை வந்தபோது அந்த மதில் ஊரைக் காத்தது. ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஆம் தேதியைச் சுனாமி விழிப்புணர்வு தினமாக வைத்திருப்பது அந்த வியாபாரியின் ஞாபகமாகத்தான்.

இப்போது நிலைமை என்ன?

இந்துமாக் கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது. இந்தியாவுக்கு ஹைதராபாத்தில் 2007 முதல் ஒரு நிலையம் வேலை செய்கிறது. ஆழ்கடலில் மிதவைகளும் கரையோரங்களில் நீர்மட்டக் கருவிகளும் இருக்கின்றன. நம் நாட்டில் வானிலை இலாகா அறிவிக்கிறது. கடற்கரைகளில் அபாயச் சங்குகளும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிலையம் அறிவிப்பது அதிகாரிக்கு. அதிகாரியிடமிருந்து கரையோரக் குடிசைக்குப் போகும் கடைசி ஒரு மைல் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. ஆச்சே போன்ற பக்கத்துக் கரைகளுக்கு அதற்கும் நேரமில்லை. நிற்க முடியாத அளவுக்கு நீண்ட நேரம் பூமி ஆடினால் அதுவே சங்கு.

பினாங்கிலோ லங்காவியிலோ கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அலை ஒன்றோடு முடிவதில்லை. முதலில் வருவதைவிடப் பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம். சுமத்ராவுக்குக் கிழக்கேயுள்ள கரைகளில் அன்று கடல் முதலில் பின்வாங்கியது. துள்ளும் மீனைப் பொறுக்கப் போனவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கரையிலோ முதலிலேயே நீர் ஏறியது. ஆகவே கடல் பின்வாங்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதும் பிசகு.

2012 ஏப்ரல் 11ஆம் தேதி புதன்கிழமை அன்று மாலை நாலரை மணிக்கு மேல் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடி பூமி ஆடியது. 8.6 அளவு. எங்கும் எச்சரிக்கை, கரையோரங்களில் ஜனங்கள் ஓடினார்கள். அந்தத் தடவை தட்டுகள் மேலே எகிறாமல் பக்கவாட்டில் உராய்ந்தபடியால் தண்ணீர் அவ்வளவாக உயரவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். வீணாக ஓடவிட்டார்களே என்று சிலர் அலுத்துக்கொண்டதும் உண்டு. தீயணைப்பு வண்டி வந்து தீ இல்லையென்று திரும்பினால் நாம் அலுத்துக்கொள்வோமா?

அன்று மாலையும் நான் கடையில்தான் இருந்தேன். நாகூர் நம்பரைக் கல்லாப் பெட்டியின் உள்மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். வாடிக்கைக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு உடனே கூப்பிட்டேன். லாத்தாவின் மகன் எடுத்தான். மூச்சு வாங்கியது. நான் பூகம்பம் என்று ஆரம்பிப்பதற்குள், “மாமா, செய்தி வந்துடுச்சு. உம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். நீங்க போனை வைங்க, இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்” என்றான்.

வைத்துவிட்டேன்.